தானியத் துளைக்கு வைத்த விளக்கு

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் வேலாத்தாளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை மேசை மேல் விரிப்பாள். தையல் விட்டிருந்தாலும் எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். அம்பு ஒட்டிய பீஸ் சரிசெய்யப் போகும். சரிசெய்த பிறகுதான் அம்பை உரிக்க வேண்டும். சரிசெய்யாமல் அம்பை மட்டும் உரித்து அனுப்பியவர்களை வேலாத்தாள் சும்மா விட்டதில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றவள்தான், ஆனால் அவள் கை பட்ட பனியன் பெட்டி வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வராது என்று கம்பெனியில் பேர் வாங்கியிருந்தாள்.

வேலை முடிந்து வரும்போது ரவிக்கைக் கையில் இரண்டு மூன்று அம்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். தங்கை தமிழ்மதி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"அக்கா, உன்ற கையே ரிஜெக்ட்டு போல இருக்குது."

"இந்தக் கையிலதான் நீ வளந்தே. வாய மூடிட்டுச் சோத்தத் தின்னு."

அது உண்மைதான். அப்பா நல்லான் இறந்த பிறகும், அதன் பின் அம்மா காளியாத்தாள் இறந்த பிறகும் தங்கையை வளர்த்தது வேலாத்தாள்தான். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றின் ஒற்றை அறையில் இருவரும் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தமிழ்மதி அந்த அறையை ஓயாமல் மாற்றிக்கொண்டிருப்பாள். அலமாரியைக் குறுக்கே திருப்பி வைத்து, பழைய வெள்ளைச் சேலையைத் திரையாகக் கட்டி, ஒரு அறையை இரண்டாக்கினாள். ஜன்னலுக்கு எதிரே கண்ணாடியைச் சாய்த்து வைத்து அடுப்படிவரை வெயிலைக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "இது நம்ம லைன் ஊடுதானா?" என்று கேட்டுப் போனார்கள். அன்றைக்கே இவளை இதற்குத்தான் படிக்க வைப்பது என்று வேலாத்தாள் முடிவு செய்துவிட்டாள்.

கோயமுத்தூரில் இன்டீரியர் டிசைன் என்கிற உள்ளலங்காரம் படித்து வந்த தமிழ்மதி, முதலில் ஏற்றுமதிக் கம்பெனிகளில் துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் உட்காரும் சாம்பிள் அறைகளைச் செய்தாள். அவள் செய்த அறைகளின் படங்களைத் தன் போனில் வாங்கி வைத்து, செக்கிங் மேசையில் எல்லோருக்கும் காட்டுவாள் வேலாத்தாள். "எங்க மதி செஞ்சது" என்று சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயரும். மேசைக்கு எதிரே நிற்கும் பீகார்ப் பெண்களுக்குப் பேச்சு புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம்தான் கவின் வந்தான். பெரிய பனியன் கம்பெனிக்காரர் மகுடேஸ்வரனின் மகன். வெளிநாட்டில் படித்து வந்தவன். ஊருக்கு வெளியே காடு தோட்டமாக இருந்து, இப்போது பெரிய ஹோட்டல்களுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட அவர்களுடைய நடுமுற்றம் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீட்டைக் கடையாக்க வேண்டும் என்று வந்தான். விலை உயர்ந்த துணிகள் மட்டும் விற்கும் கடை. கார்களில் வருபவர்கள் வந்து போகும் இடம். வீடு பழசாகவே தெரிய வேண்டும், ஆனால் கடை புதிதாக இருக்க வேண்டும் என்றான்.

தமிழ்மதி சாக்பீஸும் கையுமாக அந்த வீட்டிலேயே கிடந்தாள். நடு முற்றத்தில் காலையில் வெயில் எங்கே விழுகிறது, மதியம் எங்கே நகர்கிறது என்று தரையில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். சுண்ணாம்புச் சுவரில் ஓர் ஆணி கூட அடிக்கவில்லை. துணி தொங்கும் சட்டங்களெல்லாம் தரையில் காலூன்றி நின்றன. நெல் கொட்டி வைத்த அறை, துணி போட்டுப் பார்க்கும் அறையானது. முற்றத்துக்கு மேலே கண்ணாடி போட்டாள். வீடு வந்து அவள் சொல்லச் சொல்ல வேலாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள். 'கவின் சார் வீடு' என்பதற்குமேல் தங்கை சொன்னதில்லை, எந்த வீடு என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. அந்தப் பக்கமெல்லாம் ஹோட்டலும் ஷோரூமுமாக அடையாளமே மாறிப்போயிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் தமிழ்மதி போனை நீட்டினாள்.

"இதப் பாருக்கா. கடைக்கு இதுதான் ஹீரோ."

பின்சுவரில் ஒரு துளை. உள்பக்கம் இடுப்பு உயரத்தில் அகலமாகத் தொடங்கி, வெளியே புழக்கடைப் பக்கம் சாய்வாக இறங்கியது. உள்ளே பதித்த கல் வழுவழுவென்று மின்னியது.

"என்னத்துக்கு வெச்சாங்கன்னே தெரியல. புகை போறதுக்கா இருக்குமோ? கல்லு கண்ணாடி மாதிரி இருக்குதுக்கா. உள்ளுக்குள்ள மறைச்சு ஒரு லைட்டு வெச்சு, முன்னால ஒரே ஒரு துணி. வாசல்ல நுழைஞ்சவிய கண்ணு நேரா அங்க போயி நிக்கும். படம் வரைஞ்சு கொடுத்தேன், கவின் சார் குதிக்கறாரு."

வேலாத்தாள் போனை வாங்கினாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"வெளியில, கீழ்க்கல்லுல ஒரு மூலை உடைஞ்சிருக்குதா?"

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?"

அதற்குமேல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலாத்தாள் சிறுமியாக இருந்தபோது அவர்கள் அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துக் குடிசையில்தான் இருந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பண்ணையில்தான் வேலை. பொழுது சாயும்போது ஆட்கள் புழக்கடையில் வந்து நிற்பார்கள். உள்ளே இருந்து ஒருவர் கூலித் தானியத்தைப் படியில் அளந்து துளையில் கொட்டுவார். சோளமோ கம்போ சரிந்து வந்து கீழே விழும். அம்மா முந்தானையை ஏந்துவாள். வேலாத்தாள் பாவாடையை விரித்துச் சிந்துவதைப் பிடிப்பாள். கொடுக்கும் கை வாங்கும் கையைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சுவர் கட்டும்போதே விட்ட வழி அது. கல் வழுவழுப்பானது இப்படி விழுந்த தானியத்தால்தான்.

குடிசையைக் காலி செய்து வந்த பிறகு அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "சின்னவ காதுல இதெல்லாம் போடாத. அவ நிமிந்து நடக்கட்டும்." வேலாத்தாள் போடவில்லை. அதனால்தான் தமிழ்மதி அந்தக் கல்லைப் பார்த்ததும் அழகாக இருக்கிறது என்று நினைத்தாள்.

தமிழ்மதி போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "அத அடைச்சுடச் சொல்றேன்" என்றாள்.

"ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"என்னன்னு சொல்லுவே? சொன்னா நாம யாருன்னு தெரிஞ்சு போயிரும். வேல போயிரும் கண்ணு. இவ்வளவு தூரம் செஞ்சுட்டே. பேசாம விடு. கல்லுக்கு என்ன தெரியப் போகுது?"

"வரைஞ்சு கொடுத்தது நானுக்கா. என்ற கையால அதுக்கு வெளக்குப் போட முடியாது. நீயும் வா. நீ பார்த்தவ."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். கேட்டைத் தாண்டியதும் வேலாத்தாளின் கால்கள் தானாக வீட்டைச் சுற்றிப் புழக்கடைக்குத் திரும்பின. தமிழ்மதி கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, வாசல் இந்தப் பக்கம்."

மகுடேஸ்வரன் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கவின் பக்கத்தில் நின்றான். பெரியவர் எழுந்து கும்பிட்டார்.

"வாங்க வாங்க. அம்மணியோட அக்காங்களா? உக்காருங்க. அம்மணி ஊட்ட அரமனையாட்டப் பண்ணிப்போட்டாங்க போங்க. காப்பி சொல்லட்டுங்களா? டேய் கவினு, காப்பிக்குச் சொல்லு."

கவின் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தான். வேலாத்தாள் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

தமிழ்மதி சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள். துளை வழியாக ஈரம் இறங்கும், எலி வரும், அடைத்துவிடலாம் என்றாள்.

கவின் சிரித்தான். "எலி வந்தா அதுக்கும் ஒரு டிரெஸ் போட்டு நிக்க வெச்சுருவோம். கண்ணாடி போட்டுக்கலாங்க மதி. நீங்கதான வரைஞ்சு கொடுத்தீங்க? பார்த்தவங்க எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க."

"எங்கம்மா அதுக்குக் கீழ நின்னு மடி ஏந்துனவிய சார்" என்றாள் தமிழ்மதி. "எங்கக்காவும். அது எதுக்கு வெச்சதுன்னு எனக்கு முன்னாடி தெரியாது. தெரிஞ்சிருந்தா வரைஞ்சிருக்க மாட்டேன். அடைச்சுருங்க சார்."

கவின் அப்பாவைப் பார்த்தான். மகுடேஸ்வரன் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அம்மா பேரு?"

"காளியாத்தாள்."

"அட. நல்லான் பொண்டாட்டியா? நல்ல வேலைக்காரி." அவர் முகத்தில் கோபம் இல்லை. குரல் மட்டும் இறங்கி வந்திருந்தது. வேலாத்தாள் பக்கம் திரும்பினார். "ஏம் புள்ள, நீ நின்னவதான? நீயே சொல்லு. இந்த ஊட்டுல ஒருத்தரப் பட்டினி போட்டிருக்கறமா? ஒரு நாளாச்சும் அளவு கொறஞ்சிருக்குதா?"

"இல்லீங்க சாமி" என்றாள் வேலாத்தாள்.

சொன்ன பிறகுதான் தான் நாற்காலியில் இல்லை, எழுந்து நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்து முன்னால் பிடித்திருந்தாள். தமிழ்மதி அக்காவைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

சொன்னது பொய்யும் இல்லை. அளவு குறைந்ததே இல்லை. படி தலை தட்டித்தான் விழும். ஆனால் சொல்ல வந்தது அது இல்லை. சொல்ல வேண்டியது வாய்க்கு வருவதற்குள் பெரியவர் எழுந்துவிட்டார்.

"கேட்டுக்கிட்டியா கவினு? அதெல்லாம் அந்தக் காலம். அப்ப எல்லா ஊட்டுலயும் இருந்துது. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

சொன்ன காப்பி வரவே இல்லை.

அந்த வாரமே கவினிடமிருந்து போன் வந்தது. மிச்ச வேலையைப் பெங்களூர் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றான். படங்கள் அவனிடம் இருந்தன, அது போதும். அவன் மரியாதையாகத்தான் பேசினான். கடைசியில், "எனக்கு ஒண்ணும் இல்லீங்க மதி, அப்பாதான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான்.

அதன் பிறகு வேறு கம்பெனிகளும் கூப்பிடவில்லை. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. கேட்ட இடத்திலெல்லாம், "பாக்கலாமுங்க, சொல்லி அனுப்பறமுங்க" என்றார்கள். இப்போது தமிழ்மதி பிளைவுட் கடை ஒன்றில் அடுக்ககச் சமையலறைகளுக்கு அளவெடுத்துக் கொடுக்கிறாள். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி அலமாரி, ஒரே மாதிரி நிறம். வீட்டில் கண்ணாடி எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. அம்பு ஒட்டிய ரவிக்கையைப் பார்த்து அவள் இப்போது சிரிப்பதில்லை. வேலாத்தாளே உரித்துப் போட்டுவிடுகிறாள்.

கடை திறந்து சில மாதம் கழித்து வேலாத்தாள் சொன்னாள்: "உன்ற வேலைய நான் பாக்கோணும் மதி. முடிச்சு நிக்கறத நான் பாக்கவே இல்ல."

"அது என்ற வேல இல்லக்கா."

"அப்பறம் யாரு வேல? வண்டிய எடு."

கடைக்கு எதிர்ச்சாரியில் ஒரு வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு தமிழ்மதி அங்கேயே நின்றுவிட்டாள். வேலாத்தாள் மட்டும் சாலையைக் கடந்தாள். இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். காவலாளி ஒரு கணம் அவள் செருப்பைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

அவள் வாடிக்கையாளர் மாதிரி பார்க்கவில்லை, பீஸைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். தூணுக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா, சுவரில் விரிசல் தெரிகிறதா, சட்டம் ஆடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் போனாள். ஒரு குறை இல்லை. முற்றத்து வெயில் தங்கை கோடு போட்ட இடத்தில்தான் விழுந்தது. அங்கே வெள்ளைச் சட்டைகள் தொங்கின. விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, துணி மேல் வெளிச்சம் மட்டும் இருந்தது. இவ்வளவையும் அந்த ஒற்றை அறையிலிருந்து கொண்டுவந்தாளா என்று நினைத்தபோது வேலாத்தாளுக்கு நெஞ்சு விம்மியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல அங்கே யாரும் இல்லை.

பிறகு பின்சுவருக்கு வந்தாள்.

துளைக்குள் விளக்கு எரிந்தது. கல் பொன் மாதிரி மின்னியது. முன்னால் ஒரே ஒரு சால்வை. பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. ஆங்கிலத்துக்குக் கீழே தமிழும் இருந்தது. வேலாத்தாள் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாள்.

'இந்த இல்லத்தின் ஈகைச் சாளரம். பசித்து வந்தவர் எவரும் இங்கிருந்து வெறுங்கையுடன் திரும்பியதில்லை. அளவு ஒரு நாளும் குறைந்ததில்லை.'

கடைசி வரி அவளுடையது. அவள் வாயிலிருந்து போனது, பித்தளையில் வந்து நின்றது.

பர்ஸுக்குள் அம்பு ஸ்டிக்கர் தாள் எப்போதும் கிடக்கும். ஒன்றை உரித்தாள். ஒட்டும்போது கோணவில்லை. பழகிய கை. அம்பின் முனை அந்தக் கடைசி வரியைக் காட்டி நின்றது.

"என்னக்கா ஒட்டுதிய?" கடைப் பெண் ஓடிவந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு.

"செக்கிங் கண்ணு."

"நம்ம கம்பெனி ஆளாக்கா நீங்க?"

"வேற கம்பெனி."

"இதுல என்னக்கா தப்பு?"

வேலாத்தாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இந்தத் துளை எதற்கு வைத்தது என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு வாய்க்கு வராதது இன்றைக்கு வந்தது.

"குடுக்கற கை எங்க மேல பட்டுரக் கூடாதுன்னு வெச்ச ஓட்ட கண்ணு இது. எங்கம்மா இதுக்கு வெளியில நின்னா. நானும் நின்னேன். அளவு கொறையல, அது நெசம். மிச்சத்த இதுல எழுதல."

கடைப் பெண் தகட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "மேனேஜர் வந்தா எனக்குத்தான்க்கா ஏச்சு விழும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"உன்னத் திட்ட மாட்டாங்க. நான் ஒட்டுனேன்னு சொல்லு. பேரு வேலாத்தா, காளியாத்தா மக."

சொல்லிவிட்டு முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள்.

தமிழ்மதி வண்டியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். "எப்படிக்கா இருக்குது?"

"உன்ற வேலைல ஒரு கொறை இல்ல கண்ணு. வெளிச்சமெல்லாம் நீ சொன்ன எடத்துலயேதான் விழுகுது."

"அந்தத் தொளைக்குள்ளயுமா?"

"அதுக்குள்ளயுந்தான்."

தமிழ்மதி முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். பின்னால் ஏறி உட்கார்ந்த வேலாத்தாள் கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை பார்த்தாள். பின்சுவருக்குப் பக்கத்தில் கடைப் பெண் குனிந்து, தகட்டிலிருந்த அம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.