ஒச்சாயி அக்கா அடிக்கவிடாத தகரம்

எங்கள் பேரூராட்சியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மதுரையில் திருமங்கலம் பஸ் ஏறினால் பாதி வழியில் வரும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் அன்றைக்கு இருந்த செயல் அலுவலர் யார் என்று தேடுவீர்கள். அவர் இப்போது ஓய்வு பெற்று, பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருக்கிறார். அவரை விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது ஒச்சாயி அக்காவைப் பற்றி.

என் பெயர் லூர்துராஜ். அந்த அலுவலகத்தில் எழுத்தர். மேலே இருந்து வரும் உத்தரவை வாங்கிக் கீழே அனுப்புவதும், கீழே இருந்து வரும் பதிலை வாங்கி மேலே அனுப்புவதும் என் வேலை. இரண்டுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு கருத்து இருக்கலாம் என்பது அந்த வருஷம் வரைக்கும் எனக்கே தெரியாது.

ஒச்சாயி அக்கா தினக்கூலி. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் என்று கோப்பில் இருக்கும், ஊருக்குள் கொசுக்காரம்மா. வீடு வீடாகப் போய் தொட்டி, டிரம், ஆட்டுக்கல் குழி, பழைய டயர் என்று எதில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் கவிழ்த்துவிட வேண்டும். அவள் கேட்டுவிட்டுக் கவிழ்க்கிறவள் இல்லை, கவிழ்த்துவிட்டுப் பேசுகிறவள். ஒருமுறை செயல் அலுவலர் வீட்டு டிரம்மையே கவிழ்த்துவிட்டாள். அவர் மனைவி சத்தம் போட்டபோது, "அதிகாரி வீடுன்னு கொசுவுக்குத் தெரியலைம்மா, நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் புருஷன் உண்டு, சின்னான் என்று பெயர், திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான். பொங்கலுக்கு வருவான், நாலு நாள் சண்டை நடக்கும், போய்விடுவான். மற்ற நாளெல்லாம் வடக்குத் தெருவில் அவளும் இரண்டு ஆடுகளும்தான்.

இரண்டாயிரத்து இருபது ஆனிக் கடைசியில் அவள் கையில் நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியையும், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பையும் கொடுத்தார்கள். கொசு பார்த்தவள் கொரோனா பார்க்க வேண்டும். அதோடு ஓர் உத்தரவும் வந்தது: நோய் உறுதியான வீட்டு வாசலில் தகரம் வைத்து அடித்து, போட்டோ எடுத்து, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நான்.

முதல் தகரம் டீக்கடை காளை வீட்டில் அடித்தார்கள். அடித்த மறுநாளே பால்காரர் அந்தச் சந்துக்கே வருவதை நிறுத்தினார். காளையின் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் போனை எடுக்கவில்லை. காளைக்குக் காய்ச்சல் மூன்றே நாளில் விட்டுவிட்டது, தகரம் பதினாலு நாள் நின்றது. அதற்குப் பிறகு ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் "எல்லாரும் சௌக்கியம்" என்று பதில் வரும், கூடவே உள்ளே இருந்து இருமல் சத்தமும் வரும்.

செயல் அலுவலருக்குப் பரம சந்தோஷம். நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிக்கை எழுதச் சொன்னார், எழுதினேன். அன்று மதியம் ஒச்சாயி அக்கா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து என் மேஜையில் கொட்டினாள். காலியான பாரசிட்டமால் அட்டைகள். அலுவலகமே நாறியது.

"தெற்குத் தெரு சாக்கடையில மட்டும் பொறுக்குனது சாரு. காச்சலே இல்லாத தெருவு அம்புட்டு மாத்திரை தின்னுருக்கு. அறிக்கையில இதையும் சேத்து எழுதுங்க."

கொசுப்புழு தேடிச் சாக்கடையைப் பார்த்துப் பழகிய கண். வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது, எனக்கும்தான்.

அந்தத் தெருவில் பரிசோதனை செய்ததில் அடுத்த வாரம் இரண்டு வீட்டுக்குத் தகரம் அடிக்க உத்தரவானது. ஆடி பிறந்திருந்தது. ஒச்சாயி அக்கா தகரம் தூக்கி வந்தவர்களைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, வேப்பிலைக் கொத்தை ஒடித்து நிலைப்படியில் தானே கட்டினாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மை கண்டால் இதைத்தான் செய்வார்கள். வேப்பிலையைப் பார்த்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள், உள்ளே இருப்பவர்களும் வெளியே வர மாட்டார்கள். இளநீரும் கூழும் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆத்தா வந்த வீட்டை ஒதுக்குவார்களே தவிர அசிங்கப்படுத்த மாட்டார்கள். தகரம் செய்ய வேண்டிய வேலையை வேப்பிலை செய்தது, அவமானம் மட்டும் இல்லை.

ஊர் வாய் திறந்தது. "எங்க வீட்லயும் ஒரு கொத்து கட்டிட்டுப் போத்தா" என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். தகரங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் அடுக்கியே கிடந்தன. நான் காளை வீட்டுத் தகரத்தையே நாலு பக்கத்திலிருந்து போட்டோ எடுத்து நாலு வீடு என்று குழுவில் போட்டேன். என் உத்தியோகத்தில் நான் செய்த முதல் அயோக்கியத்தனம் அது, இன்றைக்கும் அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் வேப்பிலை ஒரு நாள் அவளையே திருப்பி அடித்தது.

வேன் ஓட்டுகிற பேயாண்டியின் மனைவி ரோகிணிக்குக் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள். வயது இருபத்தேழு. கிளிப்பில் எண்பத்தெட்டு காட்டியது. பேசவே மூச்சு வாங்கினாள். ஒச்சாயி அக்கா நூற்றெட்டுக்குப் போன் போட்டுவிட்டு அவளைக் கிளப்பினால், மாமியார் முத்துத்தாய் வாசலை மறித்து நின்றார்.

"ஆத்தா இருக்கிற வீட்டுல ஊசியும் கூடாது, மருந்தும் கூடாது. எல்லை தாண்டவும் கூடாது. இது தெரியாதவளாடி நீயி?"

"அத்தை, இது ஆத்தா இல்ல. கொரோனா."

"அப்ப வேப்பிலை எதுக்குக் கட்டுன? ஆத்தா பேரைச் சொல்லிப் பொய்யா கட்டுனியா?"

அம்மை கண்டால் வைத்தியம் கிடையாது, ஆத்தா தானாக இறங்கும் வரை காத்திருப்பார்கள். வேப்பிலையைக் கட்டியவள் இதை மறந்து போனாள். எங்கள் ஊரில் பிறந்த ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. "என் வாயை அடைச்ச ஒரே ஆளு அந்தக் கெழவிதான் சாரு" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

வண்டி வந்து தெருமுனையில் நின்றது. ரோகிணியின் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. ஒச்சாயி அக்கா சமையல்கட்டுக்குள் போனாள், செம்பில் தண்ணீர் எடுத்து மஞ்சள் கலக்கினாள், நிலைப்படியில் தான் கட்டிய கொத்திலிருந்தே இலையைக் கிள்ளிப் போட்டாள். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், அதோடு ஆத்தா போய்விட்டாள் என்று அர்த்தம். மூச்சுக்குத் திண்டாடுகிறவளுக்கு முழுச் செம்பையும் ஊற்ற முடியுமா? மூன்று சொட்டு உச்சியில் விட்டாள். கொத்தை அவிழ்த்தாள்.

"கட்டுனவ நானு, எறக்கி விட்டவளும் நானு. ஆத்தா போயிட்டா அத்தை. இனிமே மறிச்சீகன்னா மறிக்கிறது நீங்க, ஆத்தா இல்ல."

முத்துத்தாய் அவளை உற்றுப் பார்த்துவிட்டு விலகினார். பன்னிரண்டு நாள் பெரியாஸ்பத்திரியில் இருந்து ரோகிணி நடந்தே வீட்டுக்குள் வந்தாள்.

அதற்குள் விஷயம் செயல் அலுவலர் காதுக்குப் போய்விட்டது. தகரம் அடிக்காததும் சேர்ந்து வெளியே வந்தது. "அரசுப் பணியில் இருந்துகொண்டு மூடநம்பிக்கையைப் பரப்பியது ஏன்?" என்று குறிப்பாணை கொடுத்தார். அதைத் தட்டச்சு செய்தவனும் நான். அந்த அலுவலகத் தமிழ் பிடிபடவில்லை என்று விளக்கம் கேட்டு என்னிடமே வந்தாள், பதிலையும் என்னையே எழுதச் சொன்னாள்.

"எழுதுங்க சாரு. ஆத்தா இல்லன்னு சொல்லாம வேப்பிலை கட்டுனது என் தப்பு. ஒரு உசுரு போகப் பாத்துச்சு, ஒத்துக்கிறேன். தகரம் அடிக்காதது தப்பில்ல. அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

"ரெண்டையும் சேத்து மன்னிப்புன்னு ஒரு வரி போட்டுட்டா முடிஞ்சு போகும்க்கா."

"உங்களுக்கு முடிஞ்சு போகும். காளை மகளுக்கு முடியுமா?"

திங்கட்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம் வராவிட்டால் வேலைக்கு வர வேண்டாம் என்றார் செயல் அலுவலர். துப்பாக்கியையும் கிளிப்பையும் பிடுங்கிக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் தெற்குத் தெருவில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். கையில் சாதாரண தெர்மாமீட்டரும் பள்ளிக்கூட நோட்டும். பேயாண்டி மதுரைக்குள் அலைந்து ஒரு கிளிப் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"வேலைக்கு வராதேன்னுதான சொன்னாரு" என்றாள் என்னிடம். "தெருவுக்கு வராதேன்னு சொல்லலையே."

அன்று முதல் வேப்பிலைக்குக் கீழே சுவரில் கரியால் ஒரு வரியும் எழுதினாள்: ஆத்தா இல்லை. ஊசி போடலாம். எழுத்து கோணல்மாணல்தான், ஆனால் தெருக்கோடியிலிருந்தே தெரியும். சாயங்காலம் நோட்டைக் கொண்டுவந்து என் ஜன்னலில் வைப்பாள். நான் அதைப் பார்த்து அலுவலகப் பதிவேட்டில் ஏற்றுவேன். யார் எடுத்தது என்ற கட்டத்தில் "களப்பணியாளர்" என்று மட்டும் போடுவேன். கூலி இல்லாமல் மூன்று வாரம் இப்படி நடந்தது.

ஆவணியில் ஒரு நாள் நோட்டை ரோகிணி கொண்டுவந்து வைத்தாள். கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன். "வடக்குத் தெரு. ஒச்சாயி. நூத்தி ரெண்டு." அதற்குக் கீழே, "மறைக்காம ஏத்துங்க சாரு" என்று எழுதியிருந்தாள். என் புத்தி தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். ஏற்றினேன். பரிசோதனையில் உறுதியானது. பதிவேட்டைப் பார்த்த செயல் அலுவலர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தகரம்."

அடித்தார்கள். உள்ளே இருந்து அவள், "ஆணியை நல்லா அடிங்கப்பா, ஆடு முட்டிரும்" என்றாளாம். முத்துத்தாய் தினமும் கஞ்சியைத் தகரத்துக்கு மேலே கயிற்றில் இறக்கினார். நாலாம் நாள் காலையில் பேயாண்டி மூச்சிரைக்க அலுவலகத்துக்கு ஓடிவந்தான். "எண்பத்தேழாம் சார். அக்காவே கிளிப்பை மாட்டிப் பாத்துச் சொல்லுச்சு. ஆனா வெளிய வர மாட்டேங்குது."

நான் நூற்றெட்டுக்குப் போன் போட்டுவிட்டு வடக்குத் தெருவுக்குப் போனேன்.

"அக்கா, வண்டி வருது. கிளம்புங்க."

"தகரத்தை அடிக்கச் சொன்னவுக வந்து அவுக்கட்டும். அது வரைக்கும் நான் வர மாட்டேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

செயல் அலுவலருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை விட அவள் மேல் வந்த கோபம்தான் பெரிது. ஊரையெல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பியவள், ஒரு தகரத்துக்காகச் சாகக் கிடக்கிறாள். பேயாண்டியிடம் வேனில் இருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து வரச் சொல்லி ஆணிக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். உத்தரவில்லாமல், நாலு பேர் பார்க்க நான் செய்த முதல் வேலை. கை கிழிந்தது. தகரம் சாய்ந்ததும் உள்ளே இருந்து குரல் வந்தது.

"நீங்க அவுத்தா செல்லாது சாரு. அவரு வரணும்."

என்னைத் தள்ளிக்கொண்டு முத்துத்தாய் முன்னால் வந்தார். முந்தானையால் வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் செம்பு. படுத்திருந்தவளின் உச்சியில் மூன்று சொட்டு விட்டார்.

"ஒனக்கு வந்திருக்கிறது கொரோனா மட்டும் இல்லடி, ரோசம். ரெண்டுல ஒண்ணை நான் எறக்கி விட்டுட்டேன். இன்னொண்ண ஆஸ்பத்திரியில எறக்கு. எந்திரி."

ஒச்சாயி அக்கா எழுந்தாள். வாயை அடைக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று அவளே சொன்னாளே. ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று பேயாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் ஏறினாள். கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்து, "தெற்குத் தெரு இன்னைக்குப் பாக்கலை" என்றாள். நோட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். நாற்பத்தொரு வீடு. கதவைத் தட்டுவது எம்புட்டுக் கஷ்டமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது.

பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தாள். இரண்டாவது அலை வந்தபோது வேறு யார் போனாலும் கதவு திறக்கவில்லை. கடைசியில் செயல் அலுவலரே ஆள் விட்டுக் கூப்பிட்டார். மன்னிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இன்றைக்கும் தினக்கூலிதான். போன வைகாசியில் மறுபடி அங்கங்கே காய்ச்சல் என்று செய்தி வந்தது. நோட்டும் கையுமாகக் கிளம்பிவிட்டாள். புது அதிகாரி வந்துவிட்டார், நான் தலைமை எழுத்தர் ஆகிவிட்டேன். பழைய கோப்புகளை முடிக்கச் சொல்லி உத்தரவு வந்ததில் அவளுடைய குறிப்பாணையும் அகப்பட்டது. ஐந்து வருஷமாக "மன்னிப்புக் கடிதம் பெறப்படவில்லை, நிலுவை" என்றே கிடக்கிறது. அவளைக் கூப்பிட்டேன்.

"இப்ப யாருக்கும் ஞாபகம் கூட இல்லக்கா. ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டீகன்னா கோப்பை மூடிரலாம்."

அவள் கோப்பை வாங்கித் தூசி தட்டி, என் அலமாரியில் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தாள்.

"மூட வேணாம் சாரு. எவனாச்சும் மறுபடி தகரத்தைத் தூக்கிட்டு வந்தா எடுத்துக் காட்டணும்ல."