இடது கை இல்லாத ஸ்வெட்டர்

ஏரியூர் பேருந்தில் ஒரு நூலுருண்டை ஓடிய ஓட்டம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். பென்னாகரம் தாண்டி ஒரு வளைவில் டிரைவர் பிரேக்கை அழுத்த, அண்ணியின் மடியிலிருந்து சாம்பல் நிற உல்லன் உருண்டை குதித்து, இருக்கைகளுக்கு அடியில் ஓடி, முன்னால் யாரோ வைத்திருந்த கோழிக்கூடையில் போய் முட்டிக்கொண்டது. அண்ணி பதறவில்லை. ஊசிகளைப் பிடித்தபடியே நூலை மெல்ல இழுத்தார். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். கண்டக்டர் உருண்டையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "பஸ்ஸையே கட்டிப் போட்டுட்டீங்களேக்கா, இனி எப்படி ஓட்டறது?" என்றார். ஜன்னலோரம் இருந்த அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்த நினைவு இல்லை.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் தருமபுரிக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். நான் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் மூவரும் ஒரே பேருந்தில் போவோம். அண்ணி கல்யாணத்துக்கு முன்பு கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் ஸ்வெட்டர் பின்னக் கற்றவர். எங்கள் ஊர் வெயிலில் உல்லன் நூலும் கையுமாக அலைகிறவரை யார் சும்மா விடுவார்கள்? ரேஷன் கடை வரிசையில் பின்னுவார், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பின்னுவார். மாதா கோயிலில் பிரசங்கம் நீண்டுபோனால் அவர் விரல்கள் தாமாகத் துடிக்கும். "உங்க அண்ணி ஆட்டுக்குக் கூடச் சட்டை போட்டுடுவா, ஜாக்கிரதையா இரு பாப்பா" என்று அண்ணனே கேலி பேசியதுண்டு. ஆனால் பேருந்தில் பின்னுவதற்கு வேறு காரணம் இருந்தது. அண்ணனின் வீங்கிய முகத்தையும் கையில் புடைத்திருந்த நரம்பையும் பார்க்கிறவர்கள், என்ன வியாதி, எத்தனை நாளாக, குணமாகுமா என்று துருவாமல் இருக்க மாட்டார்கள். அண்ணி ஊசியை எடுத்துவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். "யாருக்குங்க பின்றீங்க? வூட்ல கொழந்த பொறந்திருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். அண்ணி ஆமாங்க என்று சொல்லிவிட்டுப் பின்னலில் அடுத்த வரிசைக்குப் போவார். அண்ணன் நிம்மதியாக வெளியே பார்த்துக்கொண்டு வருவார்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் குளிர் எடுக்கும். உடம்பின் ரத்தமெல்லாம் வெளியே வந்து இயந்திரத்துக்குள் சுற்றிவிட்டுத் திரும்புகிறதல்லவா, அதோடு அறையில் ஏசி வேறு. சித்திரை மாதத்தில்கூட அண்ணனுக்குப் பல் கிட்டிக்கொள்ளும். கம்பளியைப் போர்த்தினால் ஊசி குத்திய கை மூடிக்கொள்ளும். அது எந்நேரமும் நர்ஸ் கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் அண்ணி அந்த ஸ்வெட்டரை யோசித்தார். வலது கை சாதாரணமாக இருக்கும். இடது கை மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்து, நெடுகப் பொத்தான்கள். ஊசி இருக்கும் இடத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு மிச்சத்தை மூடிக்கொள்ளலாம். இப்படி ஒன்றை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

அந்த ஸ்வெட்டர் வளர்வதைப் பார்த்து மற்ற நோயாளிகளும் கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணிக்கு மறுக்கத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு ஒரு குல்லாய் போட்டுக் கொடுத்தார். அவர் அதைப் போட்டுக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவர் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். பிறகு கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருந்த பாய் ஒருவருக்குக் கால் உறை. அவரும் நோன்பு வருவதற்குள் போய்விட்டார். அந்த அறையில் சாவு புதிதல்ல. அண்ணி பின்னியதைக் கண்ணால் பார்க்காதவர்களும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறவர்களுக்குக் கணக்குப் போட வேறென்ன இருக்கிறது? அரூர்ப் பக்கத்து அக்கா ஒருவர், வாங்கிய காலுறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்து அண்ணியிடமே நீட்டினார். "தப்பா நெனைக்காதீங்க. நீங்க முடிச்சுக் குடுத்தா ஆளு தங்கறதில்லன்னு பேசிக்கிறாங்க. எனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க." அண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் கட்டிலில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று திரும்பும்போது பேருந்தில் அண்ணன் சொன்னார்: "என்னோடத முடிக்காத."

"ஞாயித்துக்கிழம தவறாமப் பூசைக்குப் போறவரு பேசற பேச்சாங்க இது? சாமியாரு கேட்டா சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். நீ முடிக்காத."

இடது கை ஒன்றுதான் பாக்கி இருந்தது. அண்ணி அதை அப்படியே மடித்துப் பையின் அடியில் வைத்துவிட்டார். ஆனால் பேருந்தில் கை சும்மா இருந்தால் பக்கத்து இருக்கைக்காரர்களின் கேள்விகள் வந்துவிடுமே. அதனால் மீதி நூலை வைத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை பின்ன ஆரம்பித்தார். அது குல்லாயும் இல்லை, துண்டும் இல்லை. தருமபுரிக்கும் ஏரியூருக்குமாகப் போய்ப் போய் வந்து அது நீண்டுகொண்டே போனது. கண்டக்டர் ஒருநாள், "யாருக்குக்கா இது, இத்தன நீளத்துக்கு?" என்று கேட்டார். "யாருக்கும் இல்லீங்க" என்றார் அண்ணி. அண்ணன் அந்தப் பட்டையை மடித்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரியில் பழையபடி நடுங்குவார். அண்ணி அவர் பாதங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பைக்குள் கிடந்ததைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

மழைக்காலம் முடிந்த சமயம். எனக்கு வார விடுமுறை என்பதால் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அன்று அண்ணனுக்குக் குளிர் மிகவும் அதிகம். கட்டிலே ஆடியது. நர்ஸ் இன்னொரு போர்வை கொடுத்தும் அடங்கவில்லை. அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டு, ரொம்ப அமைதியாக, "அந்தக் கையை முடிச்சுடும்மா. அடுத்த தடவ வர்றப்பப் போட்டுக்கறேன். குளுரு தாங்க முடியல" என்றார்.

இத்தனை மாதம் அந்தப் பேச்சையெல்லாம் சிரித்து ஒதுக்கிக்கொண்டிருந்தவர் அண்ணிதான். எத்தனை பேர் சொன்னாலும் நம்பாதவர். அவர் முகம் அப்போது வெளுத்ததை நான் பார்த்தேன். "நூல் தீந்துபோச்சுங்க" என்றார். பை அவர் காலடியில் திறந்துதான் கிடந்தது. பட்டையும், அதன் முனையில் பாதி உருண்டையும் எல்லாருக்கும் தெரிந்தன. அண்ணன் பையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். "சரி" என்றார்.

அடுத்த முறை போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், வீட்டில் காப்பி கேட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், பிடித்த பொருளை உள்ளே வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஜெபமாலை வைத்தார்கள், அவர் கட்டிய கைக்கடிகாரத்தை வைத்தார்கள். என் பெரியம்மா எங்கிருந்தோ அந்த ஸ்வெட்டரைத் தேடி எடுத்து வந்து, "ஒரு கை இல்லாட்டி என்ன, மேல போத்துனாத் தெரியாது" என்று குனிந்தார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் இருந்த அண்ணி அதைப் பிடுங்கிக்கொண்டார். "உசுரோட இருந்து கேட்டப்பக் குடுக்கல. இப்ப எதுக்கு?" அவர் குரல் கோயில் வரை கேட்டிருக்கும்.

இப்போதும் நாங்கள் இருவரும் தருமபுரிக்குப் போகிறோம். நான் வேலை செய்யும் கடையிலேயே அண்ணிக்கும் புடவை மடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், பேருந்து முன்பு போல ஆடுவதில்லை. அண்ணி எதையும் பின்னுவதில்லை. பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு வருகிறார். வீட்டுக்காரர் இல்லீங்க, கிட்னி போயிடுச்சுங்க, வருசமாச்சுங்க என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறார். எனக்குத்தான் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

போன மாதம் ஒரு காலையில், பனி மூடிய சாலையில் பேருந்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே அண்ணி பேசினார். "நான் அந்தப் பேச்சையெல்லாம் நம்புனேன்னு நெனைக்கறியா பாப்பா? நம்பல. வேணாம் வேணாம்னு பயந்துக்கிட்டிருந்த வரைக்கும் உங்க அண்ணனுக்கு வாழற ஆச இருந்துச்சு. போட்டுக்கறேன்னு அவரே கேட்டாரு பாரு, அப்பத்தான் எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. குடுக்காம இருந்தா இருப்பாருன்னு நெனச்சுட்டேன்." ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். "அவரும் இருக்கல. குளுரோடயே அனுப்பி வெச்சுட்டேன்."