பக்கத்து இருக்கைப் பின்னல்

மாலை ஆறு மணிக்குத்தான் எல்லாம் கெட்டது. தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பு அரங்கில் படம். இடைவேளையில் "இதோ வரேம்மா" என்று வெளியே போன, கல்லூரியில் படிக்கும் என் மகள் திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை.

திரையில் ஒரு விதவைக்குத் தலையை மழித்தார்கள். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி. கத்தி தெரியும்போதெல்லாம் தன் நீளப் பின்னலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"பாவம், அவ்வளவு முடி!" என்றேன்.

"முடி வளந்துடும் மேடம். அவளை ஒரு வார்த்தை கேட்டாங்களா? அதுதான் அக்கிரமம்."

"ரொம்பச் சரி" என்று பலமாகத் தலையாட்டினேன்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் மகள் வந்து நின்றாள், பளபளக்கும் மொட்டையோடு. அந்தப் பெண்மணி பின்னலை இறுகப் பிடித்துக்கொண்டு, "உன்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா கண்ணு?" என்றார்.

"என்னை நானே கேட்டேன் ஆன்ட்டி. நானே அச்சா, சரின்னு சொல்லிட்டேன்."