தலைகீழாக மாட்டிய இறக்கை

விமானத்தைத் தூக்கும் இறக்கையைக் காரில் தலைகீழாக மாட்டினால், அது காரைத் தரையோடு அமுக்கும். டயர் வழுக்காது, வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. சாப்பிடும்போது இதை என் கணவரிடம் சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பெங்களூரில் விமானம் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். அவர் மர்பி டவுனில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுபாதையில் நடக்கும் கார் பந்தயங்களில் ஓட்டுவார். இறக்கையை நான் வரைந்தேன், அலுமினியத் தகட்டை வளைத்து அவர் செய்தார். பின்சக்கரத்துக்கு வெகுவாகப் பின்னால் தள்ளி, உயரத்தில் மாட்டினோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து செய்த முதல் பொருள் அது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பயிற்சி ஓட்டத்தில் இரண்டு சுற்று முடித்துவிட்டு வந்து நிறுத்தினார்.

“ஸ்டியரிங் ரொம்ப லேசா இருக்கு. முன்சக்கரம் ரோட்டைத் தொடற மாதிரியே இல்ல.”

“பின்னாடி பிடிப்பு ஜாஸ்தி ஆயிடுச்சுல்ல, அதான் அப்படித் தெரியுது. கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. பழகிடும், போங்க,” என்றேன். மெக்கானிக்குகள் முன்னால் என் கணக்கைச் சந்தேகப்படுகிறாரே என்று எரிச்சல்.

அடுத்த சுற்றில், வேகமான வளைவில் கார் திரும்பவே இல்லை. நேராகப் போய் மண்மேட்டில் மோதியது. அவருடைய இடது முழங்கால் நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது. விமானத்தின் வாலைக் காற்று கீழே அமுக்கினால் மூக்கு மேலே தூக்கும். தினமும் நான் போடும் கணக்கு அது. காருக்கும் அதையேதான் செய்திருந்தேன். வாலை மட்டும் அமுக்கி, மூக்கைத் தூக்கிவிட்டேன். முன்னாலும் ஓர் இறக்கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர், “நான்தான் லேட்டா திருப்பிட்டேன்,” என்றார். மூன்று நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் தாங்கவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்,” என்றார். “அந்த ரெண்டு சுத்துலயே கைக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் ஏன் திரும்பப் போனீங்க?”

“நீதானே போகச் சொன்ன.”

துளியும் கோபம் இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.