பொதுச் சேமிப்பும் ஒற்றைக் குளியலறையும்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணி. உண்மையில் அவள் ஒருத்திக்கு மட்டுமே அண்ணி. அந்த ஒருத்தி, அதாவது கணவனின் தங்கை, அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வராந்தாவின் ஒரு கோடியில் நின்றுகொண்டு, "அண்ணி, வீட்டுச் சாவி உங்ககிட்டயா இருக்கு?" என்று கத்தினாள். அதன்பிறகு காவலாளிக்கும் அண்ணி, கணக்குப் பிரிவுக்கும் அண்ணி. அவளைவிட வயதில் நன்றாகப் பெரியவரான இயக்குநர்கூட, மனநிலை நன்றாக இருக்கும் நாட்களில், "என்ன அண்ணி, நெட்வொர்க் இப்படி இழுக்குது?" என்பார்.

மழை பெய்தால் ஆறு எவ்வளவு உயரும், எந்தப் பாலம் முழுகும், எந்தத் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அந்த நிறுவனத்தின் தொழில். கணக்கைப் போடுகிற கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அண்ணியின் தொழில். ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரும்பு அடுக்குகளில் சர்வர்கள். விசிறிகளின் ஓயாத இரைச்சல். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டிய குளிர். எல்லாம் ஒழுங்காக ஓடினால் அவள் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். ஏதாவது நின்றுபோனால், அவள் சும்மா உட்கார்ந்திருந்ததால்தான் நின்றுபோனது என்பார்கள்.

நாத்தனார் அங்கே அந்த வெள்ளக் கணக்கைப் போடுகிறவள். கல்யாணம் முறிந்து, கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று அண்ணன் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டது. அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரார் பார்வையைத் திருத்துவதே தொழில் என்பதாலோ என்னவோ, வீட்டில் நடப்பது எதையும் அவர் பார்ப்பதில்லை. இரண்டு படுக்கையறை, நான்கு பேர், ஒரு குளியலறை. அந்த ஒற்றைக் குளியலறைக்காகக் காலையில் அண்ணியும் நாத்தனாரும் அடித்துக்கொள்வார்கள். மதியம் அலுவலகத்தில் ஒரே டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன் போட்டுச் சாப்பிடுவார்கள். வீட்டில் ஆகாதவர்கள் வெளியில் இவ்வளவு ஒட்டிக்கொண்டு திரிவது பார்ப்பவர்களுக்கு வேடிக்கை. அவர்களுக்கு அது சாதாரணம்.

அந்த வருஷம் தலைமைக் கணக்கீட்டாளர் பதவி காலியானது. நாத்தனார் வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறவள். இது கிடைத்தால் வேலை நிரந்தரம். தனியாக வீடு எடுத்துப் போய்விடலாம். வீடுகூடப் பார்த்தாயிற்று. இரண்டே அறை, தெருப் பக்கம் பால்கனி, ஜன்னல் வைத்த குளியலறை. அந்த வீடு யாருக்கு அதிகம் பிடித்திருந்தது என்று சொல்வது கஷ்டம். இருவரும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தது அண்ணி.

இதற்கிடையில்தான் பொதுச் சேமிப்பு வந்தது. அதுவரை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி ஹார்டு டிஸ்க். ஒன்றில் போட்ட கணக்கு இன்னொன்றுக்கு வேண்டுமென்றால் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரே ஆற்றுக்கு 'இறுதி', 'புது இறுதி', 'இதுதான் இறுதி' என்று மூன்று கோப்புகள் இருக்கும். மூன்றுமே இறுதி இல்லை. அண்ணி பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பெரிய டிஸ்க் பெட்டி ஒருவழியாக வந்து சேர்ந்தது. அதை அடுக்கில் ஏற்றி, கேபிள் இழுத்து, ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொன்று தாங்கும்படி ஜோடி சேர்த்து, எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அது தங்கள் சொந்த டிஸ்க் போலவே தெரியும்படி செய்தாள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கோப்பு யாருடையது என்று அந்தப் பெட்டிக்குப் பெயரால் தெரியாது, எண்ணால்தான் தெரியும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடம் பதிவு செய்தவர்களுக்கு வந்த வரிசையில் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும். ஒரு கம்ப்யூட்டரில் ஒருவருக்கு உள்ள எண் இன்னொன்றில் வேறொருவருக்கு இருந்தால், இவர் எழுதியது அங்கே அவர் எழுதியதாகத் தெரியும். ஆகவே எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஆளுக்கு ஒரே எண் என்று முதலில் ஒழுங்கு செய்ய வேண்டும். அண்ணி செய்தாள், ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து செய்தாள். மூலையில் கிடந்த இரண்டு பழைய மெஷின்களை மட்டும் விட்டுவிட்டாள். அவற்றைத் தூக்கிப் போடுவதாக முடிவாகியிருந்தது.

ஒருநாள் வீட்டில் பாத்திரம் கழுவும்போது நாத்தனார் பேச்சை ஆரம்பித்தாள்.

"அண்ணி, அந்தப் பழைய மெஷின் ரெண்டையும் உங்க பொதுப் பெட்டியோட சேத்து விடுங்களேன். புதுசுல உக்கார எனக்கு எடமே கிடைக்க மாட்டேங்குது. எப்பப் பாத்தாலும் எவனாவது பிடிச்சு வெச்சிருக்கான்."

"அதைத் தூக்கிப் போடப்போறோம்டி."

"போடும்போது போடுங்க. நீங்க தூக்கிப் போடறேன்னு சொன்ன மிக்ஸி இன்னும் பரண்லதான் இருக்கு."

"சரி, காலையில பாத்ரூமை சீக்கிரம் விடு. சேத்து விடறேன்."

"அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஒரு சொட்டு தண்ணி விழாது, போதுமா?"

மறுநாள் நாத்தனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அண்ணியும் காப்பாற்றினாள். போனதும் இரண்டு மெஷின்களையும் பெட்டியோடு இணைத்தாள், ஒரு கோப்பைத் திறந்து பார்த்தாள், திறந்தது, எழுந்து வந்துவிட்டாள். எண்களைச் சரிபார்க்கவில்லை. எப்படியும் குப்பைக்குப் போகிற மெஷின். அதற்குப் போய் யார் மெனக்கெடுவது?

அந்த இரண்டு மெஷின்களில் நாத்தனாருக்கு இருந்த எண், புதிய மெஷின்களில் ஸ்லைடுக்கு இருந்தது.

ஸ்லைடு என்பது பட்டப்பெயர். மற்றவர்கள் போட்ட கணக்கை அழகழகான ஸ்லைடுகளாக்கித் திரையில் காட்டிப் பேசுவார். கெட்டவர் இல்லை, யார் பிறந்தநாளையும் மறக்காதவர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

நாத்தனார் அந்த மூலையில் உட்கார்ந்து ஒரு பெரிய ஆற்றின் முகத்துவாரம் முழுவதற்கும் கணக்குப் போட்டாள். மாதக்கணக்கில் ஓடியது. அவள் உட்கார்ந்த மெஷினில் எல்லாம் அவள் பெயரிலேயே தெரிந்ததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டாள்: "அண்ணி, என் பேர்ல ஏதோ ஸ்லைடெல்லாம் கிடக்கு, நான் பண்ணவே இல்லையே?"

"பழைய மெஷின், அப்படித்தான் உளறும்" என்றாள் அண்ணி. அப்போது அவள் மகளின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

வருஷக் கடைசியில் இயக்குநருக்கு ஒரு யோசனை தோன்றியது. யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பதில் இனி விருப்பு வெறுப்புக்கு இடமிருக்கக் கூடாது; பொதுப் பெட்டியில் ஆளுக்கு எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மனிதவளப் பிரிவு ஒரு புதிய மெஷினில் உட்கார்ந்து பட்டியல் எடுத்தது. ஸ்லைடு பெயரில் மலை. நாத்தனார் பெயரில் ஒரு கைப்பிடி. பதவி ஸ்லைடுக்குப் போனது. அவர் தன் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லயே, நான் இவ்வளவு உழைச்சிருக்கேனா?" என்று மனதார ஆச்சரியப்பட்டாராம்.

நாத்தனார் அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வருஷம் பூரா என்னம்மா பண்ணீங்கன்னு கேக்கறார் அண்ணி. என்ன பண்ணேன்னு நீங்களே சொல்லுங்க. உங்க பக்கத்துலதானே உக்காந்து சாப்பிட்டேன்? அந்த முகத்துவாரக் கணக்கு முழுக்க அந்த ஸ்லைடு போட்டாராம்!"

அண்ணியின் கை குழாயடியிலேயே நின்றது. அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. புரிந்ததை வாயால் சொல்ல மட்டும் நேரம் பிடித்தது. சொல்லி முடித்ததும் நாத்தனார் கேட்டாள்: "அன்னிக்கே சொன்னேனே, என் பேர்ல ஸ்லைடு கிடக்குன்னு?"

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "ஒரு நம்பர்தானே? மாத்திட்டா போச்சு. இதுக்கா இவ்வளவு சத்தம்?"

அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்த இருவரும் ஒரே குரலில், "நீங்க சும்மா இருங்க", "நீ சும்மா இரு" என்றார்கள்.

மறுநாள் அண்ணி இயக்குநரிடம் போனாள். தவறு தன்னுடையது என்றாள். பழைய மெஷின் ஒன்றையும் புதியது ஒன்றையும் திறந்து, ஒரே கோப்பு இங்கே ஒரு பெயரிலும் அங்கே ஒரு பெயரிலும் தெரிவதைக் காட்டினாள். இயக்குநர் முட்டாள் இல்லை, உடனே பிடித்துக்கொண்டார்.

"சரி, இந்த நம்பரை யார் மாத்தலாம்?"

"நான்தான் சார்."

"வேற யாராவது?"

"யாராலயும் முடியாது சார்." பழக்கத்தில் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டாள்.

"எந்த மெஷின்ல யார் உக்காந்தாங்கன்னு பதிவாகியிருக்குமே?"

"இருக்கு சார்."

"அது யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன உறவு?"

"நாத்தனார் சார். உங்களுக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும். வாசல்ல நிக்கிற காவலாளிக்கும் தெரியும். அதான் பிரச்சினை, மேடம்."

மேடம் என்ற சொல் அவளுக்குக் குளிர் அறையைவிட அதிகமாகச் சில்லிட்டது. கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு பேரையும் கூப்பிட்டு அந்தக் கணக்கை விளக்கச் சொல்லுங்க சார். தெரிஞ்சுடும்."

"அவர்தான் போன வாரமே வாடிக்கையாளர் முன்னாடி விளக்கிட்டாரே. எல்லாரும் கை தட்டினாங்க, நீங்க வரலையா? இதப் பாருங்க, பதவியை அறிவிச்சாச்சு. இனி அந்த நம்பர்ல கை வைக்காதீங்க. வெச்சா, வீட்டு ஆளுக்காக மாத்தினீங்கன்னுதான் பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அண்ணிக்குக் கோபம் வந்தது. கூடவே, அதைவிடச் சங்கடமான ஒன்றும் வந்தது. நாத்தனாருக்குப் பதவி கிடைத்தால் இவளுக்கு லாபம் என்று அவர் சந்தேகப்பட்டார். அது பொய்யா? ஜன்னல் வைத்த அந்தக் குளியலறையை நாத்தனாரைவிட அதிகமாக மனதில் வைத்துக்கொண்டிருந்தவள் அவள்தானே. உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் சந்தேகமும் பாதி உண்மையாக இருந்துவிட்டால், மீதியைச் சொல்ல வாய் வராது. அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பார்த்துவைத்த வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். நாத்தனாரின் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள், ஸ்லைடுக்குக் கீழே. அவள் வீட்டில் சண்டை போடுவதையே நிறுத்திவிட்டாள். காலையில் எல்லோரும் குளித்துவிட்டு வரும்வரை துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "நீங்க போங்க அண்ணி, எனக்கு என்ன அவசரம்" என்பாள். அந்த மரியாதையைத் தாங்குவதைவிடக் கதவை இடிப்பதைத் தாங்குவது சுலபமாக இருந்தது. மதியத்துக்கு இப்போது தனி டப்பா.

ஸ்லைடு பதவியேற்றதும் முதல் காரியமாக அறையைச் சுத்தம் பண்ணச் சொன்னார். மூலையில் இருந்த பழைய மெஷின்கள் இரண்டும் ஒரு தள்ளுவண்டியில் ஏறிப் போயின. உலகத்தில் அந்த முகத்துவாரக் கணக்கு நாத்தனார் பெயரில் தெரிந்துகொண்டிருந்த இடம் அவை மட்டும்தான்; யார் உட்கார்ந்தார்கள் என்ற பதிவும் அவற்றுக்குள்தான் இருந்தது. அது ஸ்லைடுக்குத் தெரியாது. தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து ஸ்லைடு சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். குளிருக்குப் பயந்து உள்ளே வரவில்லை.

"அண்ணி, ஒரு உதவி. எனக்கு எதையுமே சேவ் பண்ண முடியல. எடம் நிறைஞ்சுடுச்சுன்னு வருது."

பொதுப் பெட்டியில் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று ஓர் அளவு உண்டு. அண்ணி திரையைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

"என்ன வெச்சிருக்கீங்க அவ்வளவு?"

"அதான் தெரியல. என் பேர்ல பெரிய பெரிய ஃபைலா கிடக்கு. திறந்தா வெறும் நம்பரா ஓடுது, ஒரு எழவும் புரியல. நானே அழிக்கலாம், ஆனா வேற எதாவது போயிடுமோன்னு பயமா இருக்கு. நீங்களே பாத்து அழிச்சிடுங்களேன்."

"அது நீங்க போட்ட முகத்துவாரக் கணக்கு சார்" என்றாள் அண்ணி.

ஸ்லைடு கதவின் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏறக்குறைய அன்பாகச் சொன்னார்:

"அண்ணி, அது யார் போட்டதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். இப்ப டைரக்டர் சாருக்கும் தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எடம் இல்ல."

அவள் முன்னால் இருந்தது இரண்டே வழி. அழிக்கலாம், அல்லது அளவைக் கூட்டிக் கொடுக்கலாம். எண்ணைத் தொடக்கூடாது என்று உத்தரவு. மதியம் அவள் நாத்தனாரின் மேஜைக்குப் போனாள். நாத்தனார் தனி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னோட ஃபைலை அழிக்கச் சொல்றார். என்ன செய்யட்டும்?"

"யார் பேர்ல இருக்கு?"

"அவர் பேர்ல."

"அப்ப என்னை எதுக்குக் கேக்கறீங்க? சொந்தக்காரரைக் கேளுங்க."

"நான் அதை அழிக்க மாட்டேன்."

"அழிக்காதீங்க. அவருக்கு இன்னும் நாலு மடங்கு எடம் குடுங்க. பாவம், எவ்வளவு உழைச்சிருக்கார்." சொல்லிவிட்டு டப்பாவை மூடினாள். அதில் பாதி அப்படியே இருந்தது.

அண்ணி தன் அறைக்குத் திரும்பி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நாத்தனார் வேலை செய்தாள் என்பதற்கு இனி இந்தக் கோப்புகளைத் தவிர வேறு தடயம் கிடையாது. அவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவற்றை அபகரித்தவருக்குத்தான் வசதி செய்து தர வேண்டும். ஸ்லைடின் பெயருக்கு நேரே இருந்த அளவை அழித்து நான்கு மடங்காக அடித்தாள். அந்த நிறுவனத்தில் அவ்வளவு இடம் வேறு யாருக்கும் கிடையாது. இயக்குநருக்குக்கூட.

அன்று மாலைக் கூட்டத்தில் ஸ்லைடு எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார்: "ஒண்ணு கேட்டா முகம் சுளிக்காம உடனே செஞ்சு குடுக்கிற ஆள் இந்த ஆபீஸ்ல அண்ணி ஒருத்தர்தான். அவங்களுக்கு ஒரு கைதட்டு குடுங்கப்பா."

கைதட்டினார்கள். நாத்தனாரும் தட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம்.