லேபிள் ஒட்டிய நாற்காலி

எங்கள் பேக்கிங் லைனில் எல்லோருக்கும் நின்றபடியேதான் வேலை. நாற்காலி ஒன்றே ஒன்று, லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால். அதில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஏழாம் மாசம். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஒற்றை அறையில் புருஷனோடு குடியிருந்தாள். வீங்கின காலை சேஃப்டி ஷூவுக்குள் திணிக்க அவள் படும் பாட்டைப் பார்த்தால் எனக்கே வலிக்கும்.

நான் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவு. லேபிள் அடிக்கும் கட்டளைகள் அனுமார் வால் போல நீளம். அவள் சிரமப்படக் கூடாதென்று அவற்றுக்கு நாலைந்து எழுத்தில் சுருக்கப் பெயர்கள் வைத்துக் கொடுத்திருந்தேன். எங்கள் பாஷையில் அதற்கு ஏலியஸ் என்று பெயர். எல்லாம் ஆங்கிலத்தின் சின்ன எழுத்து.

அந்த வாரம் யாரோ லேபிளில் பார்ட் நம்பரைச் சின்ன எழுத்தில் அடித்து, ஒரு லோடு திரும்பி வந்துவிட்டது. சூப்பர்வைசருக்கு வந்ததே கோபம்! கேப்ஸ் லாக்கைப் போட்டு, இனி யாரும் தொடாதபடி அதன்மேல் பேக்கிங் டேப்பை ஒட்டிவிட்டார். மறுநாள் அவள் எதை அடித்தாலும் பெரிய எழுத்து. அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸுக்குப் பெரியது வேறு, சின்னது வேறு. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று கையை விரித்தது.

"யக்கா, நா சரியாத்தான் அடிக்கேன். கண்டுக்கவே மாட்டேங்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

சேரப்பணஞ்சேரிக்காரரான சூப்பர்வைசர் வந்து நின்றார். "இன்னா மேடம் இது? லாரி நின்னுகினு கீது. மத்தியானத்துக்குள்ள சரியாவலன்னா வேற ஆள ஒக்கார வெப்பேன். இந்தப் பொண்ணு அசெம்பிளிக்குப் போவட்டும்."

அசெம்பிளி என்றால் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "டேப் ஒட்டுனது நீங்க. நிக்கிறது அவளா?" என்று கேட்டேவிட்டேன்.

டேப்பைப் பிய்த்தால் பார்ட் நம்பர் மறுபடி தப்பாகும். பழி அவள் தலையில் விழும். பெரிய எழுத்திலும் ஒரு ஏலியஸ் வைக்கலாம். ஆனால் அடுத்த ஷிப்டுக்காரன் முதலெழுத்தை மட்டும் பெரிதாக அடிப்பான். அதனால் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கே சொல்லிவிட்டேன்: தெரியாத கட்டளை வந்தால் உடனே கையை விரிக்காதே, அதன் பெயரை மட்டும் சின்ன எழுத்தாக்கி இன்னொரு தரம் தேடிப் பார். நாலே வரிதான்.

"எப்படி வேணா அடிடீ" என்றேன்.

அடித்தாள். பிரிண்டர் கர்கர்ரென்று லேபிளைத் துப்பியது. அவள் அதைப் பெட்டியில் ஒட்டவில்லை. எழுந்து, நாற்காலியின் முதுகில் ஒட்டி, நன்றாகத் தேய்த்துவிட்டு உட்கார்ந்தாள். எங்கள் ஆலையில் லேபிள் விழுந்த எதையும் குவாலிட்டி பிரிவின் கையெழுத்தில்லாமல் யாரும் நகர்த்தக் கூடாது, சூப்பர்வைசர் உட்பட.

"நல்லா கீது கதை!" என்றவர் சிரிப்பை அடக்க முடியாமல் நகர்ந்தார்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போகும்வரை அவள் அதில்தான் உட்கார்ந்தாள். இப்போது அங்கே வேறொரு பெண். லேபிளை எடுத்துவிடலாமா என்று போன வாரம் சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"வேணாம் மேடம். கொயந்தயப் பெத்துகினு அதுவே வந்து உரிக்கட்டும்" என்றார்.