ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கல்யாணம்

வெளியூரிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் கல்யாணம் நடத்த நினைப்பவர்களிடம் ஷஹனாஸ் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவாள், ஆற்றைப் போட்டோவில் பார்த்து இடம் பிடிக்காதீர்கள் என்று. போட்டோ எடுத்தவன் ஆடி மாதத்தில் எடுத்திருப்பான். நீங்கள் வந்து இறங்கும் மாசியில் மணல்தான் கிடக்கும். முகூர்த்தம் எந்த நேரமோ அதே நேரத்துக்குப் போய் இடத்தைப் பாருங்கள் என்பாள். சாயங்காலத்தில் எந்த இடமும் அழகுதான். விடியற்காலையில் போனால்தான் பஸ் திரும்ப வழியில்லாததும், குழாயில் வெந்நீர் வராததும் தெரியும். கோயில் உற்சவ நாளாகப் பார்த்து யாராவது தேதி குறித்துக்கொண்டு வந்தால் சிரித்துவிடுவாள். “அன்னிக்கு வீதியைப் பெருமாள் புக் பண்ணிட்டாருங்க. நமக்குக் கிடைக்காது.”

திருச்சியில் கோட்டைக்குப் பக்கத்தில், சின்னக்கடை வீதியை ஒட்டிய சந்தில் அவள் வீடு. கணவன் ஹாலித் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறான். மணப்பெண்களுக்கு மருதாணி போடப் போனவள்தான். மருதாணி காயும்வரை பெண்ணால் கையை அசைக்க முடியாது, வாயை மட்டும் அசைக்கலாம். பூக்காரர் இன்னும் வரவில்லை, வேன் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை என்று அந்தப் பெண்கள் புலம்பப் புலம்ப, இவள் ஒரு போன் போட்டு முடித்துக்கொடுப்பாள். அப்படியே ஒவ்வொன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டு, கடைசியில் முழுக் கல்யாணத்தையும் எடுத்து நடத்துகிறவளாகிவிட்டாள். முதன்முதலில் ஐயங்கார் வீட்டுக் கல்யாணம் ஒன்றை ஒப்புக்கொண்டபோது கல்யாணம் செய்துவைக்கும் வாத்தியார் அவளிடம் நேராகப் பேசாமல், பக்கத்தில் நின்ற டிரைவரைப் பார்த்துப் பேசினார். இப்போது அவரே போன் செய்து, “தையில உனக்கு எந்தத் தேதி ஒழிவும்மா?” என்று கேட்கிறார். மாப்பிள்ளை காசி யாத்திரைக்குப் பிடித்துக்கொண்டு போகும் குடையை யாராவது ஒருவர் மறந்துவிட்டு வருவது வழக்கம் என்பதால், அவள் காரின் பின்சீட்டில் எப்போதும் ஒரு குடை கிடக்கும்.

தொழிலில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. எந்த இடத்துக்கும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், பெண்ணைப் பெற்றவர்களையும் பையனைப் பெற்றவர்களையும் தனித்தனியாக உட்காரவைத்து, உங்களால் எது முடியாது என்று கேட்பாள். ஆசைகளை எல்லோரும் தாமாகவே கொட்டிவிடுவார்கள். முடியாததைக் கேட்டால்தான் சொல்வார்கள். படியேற முடியாத பெரியப்பா, சொந்தத் தம்பியோடு ஒரே பந்தியில் உட்கார முடியாத அத்தை, எல்லாம் அந்தக் கேள்விக்குத்தான் வெளியே வந்தார்கள்.

மாதுரி கல்யாணத்தில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மாதுரி ஸ்ரீரங்கத்துப் பெண், டப்ளினில் வேலை. மாப்பிள்ளை ஜனார்தன் புனேவில் வளர்ந்த தமிழன். அவன் வீட்டார் கல்யாணத்தை கோவாவில் வைக்க ஆசைப்பட்டார்கள். மாதுரிதான் மல்லுக்கட்டித் தன் ஊருக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவை விமானம் ஏற்ற வேண்டாம், அவருக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும் என்பது அவள் கணக்கு. சரி, ஆனால் ஆற்றங்கரையாக இருக்க வேண்டும் என்றார்கள் புனேக்காரர்கள். ஷஹனாஸ் ஜீயபுரத்தில் காவிரியை ஒட்டிய ஒரு ரிசார்ட்டைக் காட்டினாள். தை மாதம் என்பதால் ஆற்றில் தண்ணீரும் இருக்கும். எல்லாம் வீடியோ காலிலேயே முடிந்தது. வழக்கம்போலப் பெண்ணின் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, மாதுரியின் அம்மா அரவிந்தவல்லி, “அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ ஆகவேண்டியதைப் பாரு” என்று சொல்லிவிட்டாள். சீசன் நெருக்கடி. ஷஹனாஸும் விட்டுவிட்டாள்.

பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது, இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. பெண் வந்து இறங்கச் சில வாரங்களே இருந்தபோது, யார் எந்தக் காரில் ஏறுவது என்று பேச உத்தர வீதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள். அப்பா சௌரிராஜன் ரயில்வேயில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மோர் கொடுத்து உபசரித்தார். எந்தக் கார் வேண்டும் என்று கேட்டதற்குக் கையை ஆட்டினார்.

“எனக்கு எதுக்கும்மா கார்? ஆத்தங்கரைன்னா அம்மா மண்டபம் பக்கம்தானே? நடந்தே வந்துடுவேன்.”

“இல்லைங்க சார், ஜீயபுரம். அக்கரையில, கரூர் ரோட்டுல.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அரவிந்தவல்லி எழுந்து, அணைத்துவைத்த அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பிறகு அவரே நிதானமாகச் சொன்னார். பொன்மலையில் வேலை பார்த்த காலமெல்லாம் தினமும் காவிரியைத் தாண்டிப் போய்த் தாண்டி வந்தவர். ஓய்வு பெற்ற அன்று பாலத்தைக் கடந்து வந்ததும் நேராகக் கோயிலுக்குப் போய், இனி இந்த அரங்கத்தை விட்டு காவிரி, கொள்ளிடம் இரண்டு ஆற்றில் எதையும் தாண்டுவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டுவிட்டார். க்ஷேத்ர ஸந்யாஸம் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான் என்றார். பல்வலி வந்தபோதுகூட அக்கரையில் இருக்கும் புத்தூர் டாக்டரிடம் போகவில்லையாம். சொல்லிக்கொண்டு திரிந்தால் அது விரதமில்லை, விளம்பரம் என்று, மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. மகளிடமும்.

ஷஹனாஸுக்கு முதலில் கோபம்தான் வந்தது. தெரிந்திருந்தும் ஏன் மாமி சொல்லவில்லை என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

“எந்தக் கரைன்னு நான் அவர்கிட்ட சொல்லலைதான்” என்றாள் அரவிந்தவல்லி, அங்கிருந்தபடியே. “முகூர்த்தத்தன்னிக்குக் கார்ல ஏத்திட்டா பாலத்துல இறங்கியா ஓடப்போறார்னு நெனச்சேன். பெத்த பொண்ணு கல்யாணத்தைவிட என்ன சங்கல்பம்?”

ஐயங்கார் கல்யாணத்தில் தாலி ஏறும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஷஹனாஸ் எத்தனையோ முறை அருகில் நின்று பார்த்திருக்கிறாள். அதுவரை அதட்டிக்கொண்டிருந்த அப்பாக்கள் அந்த ஒரு நேரத்தில் மகளின் மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வார்கள். அப்பா இல்லாத பெண்ணுக்குச் சித்தப்பா மடி. இந்தப் பெண்ணுக்கு அப்பா ஆற்றுக்கு இந்தப் பக்கம் உயிரோடு உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் வேறு மடி தேடுவதா? மாதுரியிடம் சொல்லிவிடலாம், அவளே முடிவு செய்யட்டும் என்றாள்.

சௌரிராஜன் வேண்டாமென்று தலையசைத்தார். “அவகிட்ட மட்டும் சொல்லாதே. அவ வான்னு ஒரு வார்த்தை கேட்டா நான் தாண்டிடுவேன்.”

அவர் குரலில் வீறாப்பு எதுவும் இல்லை. தன் பலவீனம் இன்னதென்று டாக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னார். அதனால்தான் ஷஹனாஸ் அதை நம்பினாள். தாண்டிவிடுவார்; மகளை மடியில் வைத்துக்கொள்வார்; போட்டோவுக்குச் சிரிப்பார். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து என்ன செய்வார் என்பதை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தான் அந்த ஒரு கேள்வியை நேரில் வந்து கேட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. வேறு யாரையும் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை முக்கொம்பை நோக்கி வண்டியை விட்டாள், ஆனால் கரூர் ரோட்டில் அல்ல, ஸ்ரீரங்கத்திலிருந்து மேற்கே மேலூர் வழியாக. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறதே, அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது ஸ்ரீரங்கம் இருக்கும் இந்தத் தீவு. அக்கரையில் ஜீயபுரம் என்றால் இக்கரையிலும் அதே காவிரிதான், அதே தண்ணீர்தான். ரிசார்ட்டும் புல்தரையும்தான் இல்லை. விசாரித்து விசாரித்து, சவரிராயன் என்ற விவசாயியின் வாழைக் கொல்லைக்கு வந்து சேர்ந்தாள். ஆற்றோரம் தார் வெட்டிச் சுத்தம் செய்த மனை ஒன்று சும்மா கிடந்தது. மூன்று பக்கமும் குலை தள்ளிய வாழை.

“கல்யாணமா? இங்கயா?” என்றார் அவர். மண்வெட்டியை நட்டுவைத்துவிட்டு நாலாபுறமும் பார்த்தார். “ஒண்ணு மட்டும் சொல்றேங்க. வாசலுக்கு வாழைமரம் கட்டுற செலவு மிச்சம். நட்டே வச்சிருக்கேன்.”

வாத்தியார் வந்து பார்த்து, ஹோமத்துக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு சம்மதித்தார். முகூர்த்தம் இங்கே, மதியச் சாப்பாடும் சாயங்கால ரிசப்ஷனும் ரிசார்ட்டில் என்று ஷஹனாஸ் பிரித்துக்கொண்டாள். மிஞ்சியது புனேதான். மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனில், முகூர்த்தம் ஸ்ரீரங்கத்துக் கரையில்தான் நடக்க வேண்டும், அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாதது தன் தப்பு என்றாள். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. யார் சொன்னது என்று அந்த அம்மாள் துருவினாள். நான்தான் சொல்கிறேன் என்றாள் ஷஹனாஸ்.

“புல்வெளி, படித்துறைன்னு சொல்லி ஊரையே அழைச்சிருக்கேன். இப்போ வாழைத் தோப்புங்கறே. நாங்க என்ன யானையா?”

அதோடு போகவில்லை. அந்த அம்மாளின் சிநேகிதி வீட்டிலும் ஒரு கல்யாணம் இருந்தது. அதையும் ஷஹனாஸே நடத்துவதாகப் பேச்சு. ரெண்டு நாளில் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. தம்மாமிலிருந்து ஹாலித், உள்ளதைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, பெயர் ஏன் கெட வேண்டும் என்று கேட்டான். அது என்னுடையதாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள். மாதுரியும் ஊருக்கு வந்ததும் தோப்பைப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். எதையும் கேட்கவில்லை. அது ஷஹனாஸுக்கு ஆறுதலாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.

முகூர்த்தம் குறையில்லாமல் நடந்தது. ஆற்றுக் காற்று ஹோமப் புகையை வாழைக்குள் கொண்டுபோயிற்று. சௌரிராஜன் பஞ்சகச்சத்தோடு, மகளை மடியில் இருத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் கொட்டியபோது அவர் யாரையும் பார்க்கவில்லை, மகள் தலையில் கட்டியிருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். யானைப் பேச்சுப் பேசிய சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கரையைவிட இங்கே வெளிச்சம் நன்றாக இருப்பதாகப் பக்கத்தில் சொன்னாள். ஷஹனாஸிடம் சொல்லவில்லை.

சடங்குகள் முடிந்து பஸ்கள் கிளம்பின. கடைசிக் காரில் மணமக்கள் ஏற வேண்டும். ஏறப்போன மாதுரி நின்றாள்.

“அப்பா எதுல வரார்?”

ஷஹனாஸ் தயாரித்து வைத்திருந்த பதிலைத் தொடங்கினாள். சாருக்குக் கொஞ்சம் அசதி, பிறகு ஒரு வண்டியில்...

“வேண்டாம். நீங்க பொய் சொல்ல வேண்டாம்” என்றாள் மாதுரி. “ஏர்போர்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் அம்மா மட்டும்தான் வருவா. ஏன்னு நான் யோசிச்சதே இல்ல. நீங்க இடத்தை மாத்தின அன்னிக்குத்தான் மேப்பை எடுத்து வெச்சிண்டு உக்காந்தேன். ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஆறு மட்டும்தான் இருந்தது.”

“கேட்டிருக்கலாமேங்க அவர்கிட்ட.”

“கேட்டா என்ன பண்ணுவார்னு எனக்குத் தெரியாதா?”

அவள் மடிசாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பி நடந்தாள். ஜனார்தன் ஒன்றும் புரியாமல் ஷஹனாஸைப் பார்த்தான்; பிறகு மாலையோடு பின்னாலேயே போனான். அங்கே சௌரிராஜன் தனியாக, காலை டிபனில் மிஞ்சிய இட்லியை இலையில் வைத்து உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழப்போனார். மாதுரி அவர் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு எதிரில் சம்மணமிட்டாள். சவரிராயன் ஓடிப்போய்ப் பக்கத்து மரத்திலிருந்தே ரெண்டு இலையை அறுத்துக்கொண்டு வந்தார். கேசரி கொஞ்சம் இருந்தது. அப்பாவும் மகளும் எதையோ பேசிச் சிரிப்பது கேட்டது; ஆற்றைப் பற்றியோ விரதத்தைப் பற்றியோ அல்ல, டப்ளினில் இட்லி மாவு புளிக்காததைப் பற்றி.

ஷஹனாஸின் போன் அடித்தது. அக்கரையிலிருந்து சம்பந்தியம்மாள். பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கிறார்கள், மணமக்கள் எங்கே, இன்னும் என்ன குளறுபடி என்று அடுக்கிக்கொண்டே போனாள். பழக்கதோஷத்தில் ஷஹனாஸின் நாக்கு நுனிவரை ‘என் தப்புதாங்க’ வந்தது. அதை விழுங்கினாள்.

“பொண்ணு அவங்க அப்பாவோட சாப்பிட்டுட்டு இருக்காங்கம்மா. முடிஞ்சதும் அனுப்பறேன். நீங்க பந்தியை ஆரம்பிச்சிடுங்க.”

போனைப் பையில் போட்டுவிட்டு, டிரைவரிடம் என்ஜினை அணைக்கச் சொன்னாள்.